கோழி வளர்ப்பு

கணினி சொன்னது: பிரதி ஒன்று.
நிலை: இராக்கையில் உண்டு.
551.36.
விரலால் முதுகுகளைத் தடவிக்கொண்டே போனால்
எரிமலைக்கும் பூமியதிர்ச்சிக்கும் நடுவில்
பல் விழுந்த இடைவெளி.

எனக்குத் தெரியும் அது எங்கே என்று.
ஒளித்தது நான்தான்.

ஒலுவிலில் கடல் கரையைத் தின்பதை
எல்லாரும் பார்த்திருக்கிறோம்.
ஏன் தின்கிறது என்று எழுதச் சொன்னார் சேர்,
மூவாயிரம் சொல், வெள்ளிக்குள்.
எண்பத்தாறு பேர். ஒரு புத்தகம்.
வலையில் தேடினால்
சுருக்கத்தைக் காட்டி வாயூற வைத்துவிட்டு
மிச்சத்துக்கு முப்பத்தொன்பது டொலர் என்கிறது.
விடுதி வைஃபை மாடிப்படியில் மட்டும்தான் பிடிக்கும்.
அங்கே ஏற்கெனவே பதினொரு பேர்,
படிக்கு ஒருத்தியாக,
பாதிப்பேர் கட்டுரை, பாதிப்பேர் காதல்.

அதனால்
ஒரு திங்கள், லுஹருக்குப் பாங்கு சொல்கிற நேரம்,
கொப்பியோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு
636.5க்குப் போனேன்.
இந்தக் கம்பஸில் கோழிக்குப் பீடம் இல்லை.
யார் தந்த நன்கொடையோ, ஆறே ஆறு புத்தகம்.
தூசிகூட அங்கே வேறு நிறம்.
அட்டையில் ஒரு வெள்ளைக் கோழி
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது.
அதற்குப் பின்னால் செருகிவிட்டு வந்தேன்.

செவ்வாய் போனேன், இல்லை.
புதன், இல்லை.
வியாழனும்.
களவெடுத்தவளிடம் களவெடுத்த ஆள்மேல்
எனக்கு வந்த கோபம்
நியாயமானதுபோலவே இருந்தது.
கவுண்டரில் ஜெஸீமா மிஸ்ஸிடம் முறையிடவும் வழியில்லை.
என்னவென்று சொல்ல?
நான் மறைத்ததை யாரோ மறைத்துவிட்டார்கள் என்றா?

வெள்ளி காலை
கட்டுரையைக் கொடுத்துவிட்டு வீம்புக்குப் போய்ப் பார்த்தேன்.
கோழிக்குப் பின்னால் இருந்தது.

181ஆம் பக்கம்
எந்த வருடத்து எவனோ கிழித்துப்போன இடத்தில்
ஒரு போட்டோகொப்பி,
ஓரம் அளவாய் வெட்டி, பசை தொட்டு ஒட்டியிருந்தது.
சரிந்து வரும் அலை மணலை வடக்கே தள்ளுகிற படம்.
வழியில் கல்லணை மறித்தால்
மறுபக்கத்துக் கரைக்குப் பட்டினி.
இவ்வளவுதான் விசயம்.
இதைத் தெரியாமல்
மூவாயிரம் சொல் பிழையாக எழுதியிருந்தேன்.

கீழே பென்சிலால் சிங்களம், நாலைந்து வரி.
எழுத்துக் கூட்ட வரும் எனக்கு, கருத்து வராது.
போனில் படமெடுத்து,
வாசலில் பையை வாங்கி இலக்கத் தகடு தருகிற
தமணை விமலசேனவிடம் நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்:
“பக்கம் இல்லை.
பேராதனையில் கூட்டாளி ஒருத்தி எடுத்து அனுப்பினது.
செவ்வாய், வியாழன் எனக்கு வேணும்,
மத்த நாள் நீங்க எடுங்க.
கோழி நல்ல இடம்.”
கடைசி வரியை இரண்டாம் தரமும் வாசித்தார்.
“கோழியா?”
“கோழிதான்.”
தகட்டைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாசிப்பு மண்டபத்தில்
மின்விசிறிக்குக் கீழே குனிந்திருக்கும் பிள்ளைகளின்
நகங்களில் பசை தேடினேன் கொஞ்ச நாள்.
பிறகு விட்டுவிட்டேன்.
செவ்வாய் அவளுடையது, புதன் என்னுடையது,
பென்சில் கோடுகள் மட்டும்
ஒன்றையொன்று தாண்டிப் போயின.
பரீட்சைக்கு மூன்று கிழமை.

நேற்று ஒரு முதலாம் வருடத்துப் பொடியன்,
இதே ஊர்,
வாப்பாட மீன்வாடி போன மாரியில் கடலோடு போனதாம்,
திரையைத் தொட்டுக் காட்டினான்:
“இருக்கெண்டு சொல்லுது ராத்தா.
மூணு நாளாத் தேடுறன்.”

உதட்டைப் பிதுக்கினேன்.

அவன் திரும்ப எரிமலைப் பக்கம் நடந்தான்,
முதுகுகளை விரலால் தடவிக்கொண்டு,
இடைவெளி வந்ததும் விரல் உள்ளே விழுந்தது.

“தம்பி,” என்றேன்,
“சனிக்கிழமை வருவியா?”